ஏற்றத்துக்குச் செய்த வண்டி

மச்சினன் தன் அலுவலக ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து இறங்கியபோது, மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தான். தெருமுனையிலேயே அவனுக்கு வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. அது அவன் கையால் செய்த இன்ஜின். எத்தனை வண்டிகளுக்கு நடுவில் வந்தாலும் அதன் சத்தம் அவனுக்குத் தனியாகத் தெரியும். ஒரு காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் துடைத்துக்கொள்ளத் துணியைக்கூடத் தேடாமல் எழுந்து ஓடிவருவான். இப்போது வெளியே வர மனமில்லாமல், இறுக்கி முடித்த நட்டையே இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தான், வெளிய வாங்க. உங்களப் பாக்கணும்னு ஒரு படையே வந்திருக்கு."

நான்கு பேரும் மச்சினனைப் போலவே குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர்கள். வெயிலில் கருத்து, ஆளுக்கொரு தோள்பையோடு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் போல வண்டியைச் சுற்றி நின்றார்கள். மச்சினன் நல்ல பாரமான ஆள். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. சிரித்தால் எதிர்க்கடையில் இருப்பவர்களும் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரிப்பார்கள். அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

"கேக்குதா? நூறு சிசி வண்டியா பொறந்தது இது. இப்ப நூத்தம்பது. எங்க மேட்டுக்கு நான், வீட்டுக்காரி, நடுவுல பொண்ணு, முன்னாடி ஒரு கேஸ் சிலிண்டரு, அத்தனையும் வச்சு ஏத்தினேன். கொஞ்சமாவது மூச்சு வாங்கணுமே! எல்லாம் எங்க அத்தான் வேலை. புது வண்டி எதுக்கு வாங்கணும்ங்கறேன்?"

நால்வரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவனை மரியாதையாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். நான்கு பேரில் பெரிய மீசைக்காரர் மட்டும் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரிப்பா, ஏறிடுச்சு. எறங்கும்போது எப்படி? பிரேக்கு அதே பழைய பிரேக்குதானே?"

இதோ கேட்டுவிட்டார், இதோ சொல்லிவிடலாம் என்று மெக்கானிக் வாயைத் திறந்தான். அதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"கல்லு மாதிரி நிக்கும். அத்தான் கை பட்ட வண்டி நிக்காம எங்க போயிடும்?"

எல்லோரும் சிரித்தார்கள், மீசைக்காரரும் சிரித்தார். போகும்போது அவர் தன் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, இதன் இன்ஜினுக்கும் பெரிய பிளாக் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் சரி என்றான்.

இந்தக் கதை ஆரம்பித்ததும் அதே வாசலில்தான். மேட்டுக் குடியிருப்பில் மச்சினனுக்கு அலுவலக வீடு ஒதுக்கினார்கள். வீடு அருமையான வீடு, காற்றும் வெளிச்சமும் உண்டு, ஆனால் அங்கே போகிற சாலை சுவரில் சாய்த்த ஏணி மாதிரி இருக்கும். மச்சினனின் பழைய வண்டி அவன் ஒருவனை ஏற்றவே திணறியது. பின்னால் மகள் உட்கார்ந்தால் பாதி மேட்டில் நின்று, இதற்கு மேல் உங்கள் பாடு என்று சொல்லிவிடும். அவன் அக்காள் புருஷனிடம் யோசனை கேட்க வந்தான். வேறு வண்டி வாங்கலாமா, இல்லை இதையே இன்ஜினைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளலாமா?

அந்தக் கேள்விக்குப் பதில் பட்டறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு முழங்கால் வலி வந்து, இனி கார்தான் என்று முடிவு செய்து, தன் நூற்றைம்பது சிசி வண்டியை விற்றுத் தரச் சொல்லி இங்கே விட்டிருந்தார். முன்னால் டிஸ்க் பிரேக், அகலமான டயர், கீறல் இல்லாத டேங்க். மருந்துச் சீசாவைத் துடைப்பது போலத் துடைத்து வைத்திருந்த மனிதர். மச்சினன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான், அக்கம்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான், இறங்கும்போது அவன் முகமே மாறியிருந்தது, அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. "எப்படி அத்தான் வண்டி?" என்றான்.

மெக்கானிக் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "வெளிய பளபளன்னுதான் இருக்கும் மாப்ள. உள்ள சாமானெல்லாம் போச்சு. கொஞ்ச நாள்ல கடகடன்னு சத்தம் வரும், அப்பறம் செலவு இழுத்துக்கிட்டே போகும். உன் வண்டியையே நான் பண்ணித் தரேன்."

கூசாமல் சொன்னான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னான். ஏன் சொன்னான் என்றால், கை ஊறியது. பெரிய சாலையில் கம்பெனி சர்வீஸ் நிலையம் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக வந்த பிறகு, இவன் பட்டறைக்கு வருவதெல்லாம் பஞ்சரும் ஆயில் மாற்றுவதும்தான். இன்ஜினைப் பிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இளவயதில் ரேஸ் வண்டிகள் செய்கிற ஒரு பட்டறையில் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரே ஒரு தடவை, முழுசாக, தன் இஷ்டப்படி ஓர் இன்ஜினைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது. அந்த ஆசைக்கு நல்ல வண்டி ஒன்று குறுக்கே நின்றது, அதை வாயாலேயே கெடுத்துவிட்டான்.

இன்னொன்றும் செய்தான். என்னென்ன மாற்ற வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னபோது பிளாக், பிஸ்டன், கார்புரேட்டர், கிளட்ச் என்று எல்லாவற்றையும் சொன்னான், பிரேக்கை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. முன்பக்கத்தையே கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக்கோடு வேறு பொருத்த வேண்டும் என்று சேர்த்தால், அந்தச் செலவுக்கு மருந்துக்கடைக்காரர் வண்டியையே வாங்கிவிடலாம் என்று குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா?

வேலை நடந்த நாட்கள் மட்டும் உண்மையிலேயே நல்ல நாட்கள். லேத் பட்டறையில் கூடவே நின்று, பெரிய பிளாக் உட்காருவதற்காக இன்ஜினின் வாயை மயிரிழை மயிரிழையாகக் கடைந்து வாங்கினான். புது பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டில் சாப்பிடும்போதும் விரல்கள் தட்டின் ஓரத்தில் எதையோ அளந்துகொண்டிருந்தன. மனைவி கேலி செய்தாள், அதுவும் அவனுக்கு இனித்தது. முதல் தடவை உதைத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டபோது பட்டறையில் யாரும் இல்லை, அவன் பாட்டுக்குத் தனியாக நின்று சிரித்தான்.

மேட்டில் ஏற்றிப் பார்த்தான். வண்டி பறந்தது. இறக்கத்தில் வரும்போது கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்கிக்கொண்டு வந்தான், அது அவனுக்குக் கைப்பழக்கம். கடைசி வளைவில்தான் முன்பிரேக்கை முழுசாகப் பிடித்தான். லிவர் கைப்பிடியை வந்து தொட்டது, வண்டி நிற்காமல் யோசித்துக்கொண்டே போயிற்று. அவனே குச்சி மாதிரி ஆள். மச்சினனின் பாரத்தை நினைத்துப் பார்த்தான், பின்னால் உட்காரப்போகிற பெண்ணையும் நினைத்தான். அந்த இடத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மறுநாள் வண்டியைத் துடைத்து, சாவியை மச்சினன் கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒருமுறை, சும்மா பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கி, இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் லைனர் போட்டு, கேபிளையும் மாற்றிக் கொடுத்தான். பிரேக் டப்பா பெரிதாகாமல் உள்ளே இருப்பதை மாற்றி என்ன பிரயோஜனம்? கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் வைத்த மாதிரிதான். "இப்ப பிரேக் எப்படி மாப்ள?" என்று கேட்டான். "கல்லு மாதிரி அத்தான்" என்று மச்சினன் சொன்னான். அதை நம்புவது சௌகரியமாக இருந்ததால் மெக்கானிக் நம்பினான்.

மருந்துக்கடைக்காரர் வண்டியை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். தினமும் பட்டறை வழியாகத்தான் வேலைக்குப் போனாள். கடகடவும் இல்லை, செலவும் இழுக்கவில்லை. நல்ல வண்டியாக வாங்கிக் கொடுத்தீர்கள் அண்ணா என்ற நன்றியோடு ஹார்ன் அடித்துவிட்டுப் போவாள். அவன் சொன்ன பொய் தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போயிற்று.

மீசைக்காரர் வண்டியை விட்டுவிட்டுப் போன அன்று மாலை அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஈரத் துணிகளை ஜன்னல் கம்பியில் உலர்த்திக்கொண்டே கவனித்தாள்.

"என்னங்க, நாலு பேரு வந்து புகழ்ந்துட்டுப் போனாங்களாம். தம்பி போன்ல சொன்னான். உங்க மூஞ்சியப் பாத்தா நாலு பேரு அடிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

"உன் தம்பி வேற வண்டி வாங்கியிருக்கலாம்னு இப்பத் தோணுது" என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அவள் துணியை உதறுவதை நிறுத்தினாள். பிறகு, இனிமேல் சொன்னால் தப்பில்லை என்பது போலச் சிரித்தாள்.

"அவன் அந்த மருந்துக்கடைக்காரர் வண்டியத்தான் வாங்கறதா இருந்தான். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான், பொண்ணு கலருகூடக் கேட்டு வச்சுட்டா. நான்தான் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். டேய், அவரு கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்காருடா. வீட்டுக்கு வந்தா வாய் தொறக்கறதில்ல. உன் வண்டியக் குடுத்தா மனுஷன் கொஞ்சம் நிமிருவாருன்னு. அவன் மறுத்து ஒரு வார்த்த பேசல. சரிக்கான்னு சொல்லிட்டு மறுநாள் வண்டியக் கொண்டுவந்து விட்டுட்டான். எந்தத் தம்பி செய்வான்? நீங்களும் நிமிந்தீங்க. அந்த நாளெல்லாம் நீங்க பாட்டுப் பாடினது உங்களுக்கே தெரியாது."

அவன் கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். தன் சாமர்த்தியத்தால் மச்சினனை ஏமாற்றிவிட்டோம் என்ற நினைப்பே இத்தனை நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. அதுகூட இல்லை என்று இப்போது தெரிந்தது. மச்சினன் ஏமாறவில்லை, விட்டுக்கொடுத்திருக்கிறான். தனக்குப் பிடித்த வண்டியை அக்காவுக்காக விட்டுவிட்டு, நிற்காத ஒரு வண்டியில் பெற்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு தினமும் அந்த ஏணியில் இறங்குகிறான். மெக்கானிக்குக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினான், விரல் இடுக்கில் இருக்கும் கருப்பு எப்போதும் போலப் போகவில்லை.

மீசைக்காரர் வண்டியை அவன் தொடவில்லை. பிஸ்டன் வரவில்லை என்று ஒரு நாள், லேத்துக்காரர் ஊரில் இல்லை என்று ஒரு நாள், இப்படிச் சாக்குச் சொல்லி ஓட்டினான். மச்சினனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். போனை எடுத்தால் அவன் குரலில் இருக்கும் சந்தோஷத்தைக் கேட்டதும் வாய்வரை வந்தது திரும்பிப் போய்விடும். போனில் ஆகாது, நேரில்தான் போக வேண்டும் என்று கடைசியில் ஒரு காலையில் பட்டறையைத் திறக்காமலே கிளம்பிவிட்டான்.

அவனுடைய பழைய மொபெட் மேட்டில் ஏறாது. ஊரார் வண்டியையெல்லாம் பெரிதாக்க ஆசைப்பட்டவனின் சொந்த வண்டி அந்த லட்சணம். அதை அடிவாரத்தில், லாரிகள் போகிற பெரிய சாலையோரம் பூட்டி வைத்துவிட்டு நடந்தான். பள்ளிக்கூடம் அந்தச் சாலைக்கு மறுபக்கம் இருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் மச்சினன் வேலைக்குப் போவான், கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம். சொல்ல வேண்டியதை ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டே ஏறினான். 'மாப்ள, வண்டிய எடுக்காத.' அது போதாது. 'மாப்ள, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.' அதைச் சொன்னால் பரவாயில்லை அத்தான் என்று உடனே சொல்லிவிடுவான், பிறகு மேலே பேச முடியாது. தண்ணீர்த் தொட்டி வளைவில் மூச்சு வாங்க நின்றான். அங்கிருந்து பார்த்தால் மேலே மச்சினன் வீட்டு வாசல் வரைக்கும் சாலை நேராகத் தெரியும்.

வண்டி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டிக்கு இருபுறமும் என்னவோ தொங்குவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததும் தெரிந்தது, கால்கள். மச்சினன் இரண்டு காலையும் தரையில் இறக்கி, குதிகாலை ஊன்றி உரசிக்கொண்டே வந்தான். பின்னால் மகள். வயதுக்கு மீறி வளர்ந்த பெண், நீளமான கால்கள். புத்தகப் பையோடு அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சீட்டின் நுனியில் சரிந்து, ஷூவின் முனைகளால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் முகத்திலும் பயம் இல்லை. பாத்திரம் தேய்க்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் முகத்தில் இருப்பதுபோல, தினமும் செய்து பழகிய ஒரு வேலையின் கவனம்தான் இருந்தது. கால்கள் உரசுகிற சத்தம் அவன் காதுக்கு வந்தது.

அப்போது மச்சினன் அவனைப் பார்த்துவிட்டான். தலையைத் திருப்பாமலே மகளிடம் என்னவோ சொன்னான். சொன்னதும் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தூக்கி உள்ளே வைக்கப்பட்டன. மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்து, முகம் முழுக்கச் சிரித்தான்.

"அத்தான்!"

கால்களைத் தூக்கியதும் வண்டிக்கு வேகம் வந்துவிட்டது. பிரேக் கிறீச்சிட்டது, லைனர் கருகுகிற வாடை வந்தது. மச்சினன் அவன் எதிரில் நிறுத்துவதற்காக முழுப் பலத்தோடு அழுத்துவது கையின் நரம்புகளில் தெரிந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். சிரித்த முகத்தோடேயே வண்டி அவனைத் தாண்டிப் போயிற்று. மகள் திரும்பி அவனைப் பார்த்தாள். மெக்கானிக் கத்தினான், என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் முன்சக்கரம் ஏறிப் புதைந்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் இறங்கி நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. மச்சினன் கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்காம வந்துட்டேன் அத்தான். இவ ஏதோ கதை சொல்லிக்கிட்டே வந்தா."

"ஆமா மாமா, நான்தான் தொணதொணன்னு பேசிட்டே வந்தேன்" என்றாள் மகள். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்.

அவன் அவள் ஷூவைப் பார்த்தான். கருப்புப் பள்ளிக்கூட ஷூ, நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தது. இரண்டு முனையிலும் பழைய டயரைத் துண்டு வெட்டி, பெரிய ஊசியால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். தைக்கத் தெரிந்த யாரிடமோ கொடுத்துச் செய்து வாங்கிய வேலை. அந்த டயர்த் துண்டும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டிருந்தது.

"இது எப்பலேருந்து மாப்ள?"

"எது அத்தான்?"

மெக்கானிக் ஷூவைக் காட்டினான். பெண் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சொல்லலாமா என்பது போல அப்பாவைப் பார்த்தாள். மச்சினனின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"எறக்கத்துல மட்டும்தான் அத்தான். சமமான ரோட்டுல ஒண்ணும் தெரியாது. இவளுக்கு நல்லாப் பழகிடுச்சு. கால்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? லைனரு மாத்திக் குடுத்தீங்க. அதுக்கப்பறமும் நிக்கலன்னு வந்து சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பாவம் என்ற அந்த வார்த்தை அவனை அறைந்தது. நடந்து வரும்போது சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது கையில் இல்லை. ஜல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்த மருந்துக்கடைக்காரர் வண்டியில ஒரு குறையும் இல்ல மாப்ள. நான் சொன்னது பூராப் பொய்."

"தெரியும் அத்தான்" என்றான் மச்சினன். "நான்தான் ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேனே. இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியல, அவ்வளவு அமைதியா இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என் கையில குடுத்த?"

மச்சினன் மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். "அக்கா வந்து கேட்டுச்சு. நீங்களும் அவ்வளவு ஆசையா நின்னீங்க. முகத்தப் பாத்துட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது? விடுங்க. அக்காகிட்ட மட்டும் இதெல்லாம் சொல்லிடாதீங்க, தான்தான் காரணம்னு அது அழுதுகிட்டுக் கிடக்கும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், என் பெண்ணைக் கொல்லப் பார்த்தாயே என்று ஒரு அடி அடித்திருந்தால், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான். மச்சினன் அதற்கு வழியே வைக்கவில்லை. மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது, சின்னப் பெண் எதிரில் அழக்கூடாது என்று வண்டிப் பக்கம் திரும்பி, சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இத இனிமே யாரும் ஓட்டக்கூடாது. மீசைக்காரர் வண்டியையும் நான் தொடமாட்டேன், அவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் அத்தான். இவளுக்குப் பள்ளிக்கூடம் நேரமாச்சு."

"தள்ளிக்கிட்டே போலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஜல்லியிலிருந்து இழுத்தார்கள். மெக்கானிக் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான், மச்சினன் பின்னால் கேரியரைப் பிடித்துத் தன் பாரத்தையெல்லாம் பின்பக்கம் சாய்த்துக்கொண்டான். இன்ஜின் அணைந்திருந்தாலும் இறக்கம் வண்டியை இழுத்தது. பெண் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கனமான பை, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"எவ்வளவு தூரம்டி இதத் தூக்கிட்டு வருவ? ஏறி உக்காரு. நாங்க ரெண்டு பேரு புடிச்சிருக்கோம்ல" என்றான் மச்சினன்.

அவள் மாமாவைப் பார்த்தாள். மெக்கானிக் தலையசைத்தான். நின்று பிடித்துக்கொண்டார்கள், அவள் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். கீழே பெரிய சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மெக்கானிக் இரண்டு உள்ளங்கையும் வலிக்கிற அளவுக்குக் கைப்பிடியை இறுக்கி, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான்.

அடுத்த சரிவு தொடங்குகிற இடத்தில் அவனுக்குப் பின்னால் அந்த உரசல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கால் என்ற அந்த ஒரு வார்த்தையை மச்சினன் சொல்லவே இல்லை. பெண் சீட்டின் நுனிக்குச் சரிந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாலையைக் கவனமாகப் பார்த்தபடி, அவள் பாட்டுக்கு இரண்டு கால்களையும் இறக்கி ஷூவின் முனைகளைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.